சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே சேலைப் பிரிவில் நிற்கும் 48 வயது விற்பனையாளர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவருடைய நிலையில் இருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆறேழு மாதமாக ராத்திரியில் நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒருவழியாக ரத்தம் கொடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் 286, சாப்பிட்ட பின் 390. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.8. மருத்துவர் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதிக்கொடுக்கிறார். பயந்துபோன மனிதர் ஒரு வேளை விடாமல் மாத்திரை போடுகிறார். டீயில் சீனியை விட்டுவிடுகிறார். மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு ஒரு தட்டாகிறது.

மூன்றாவது வாரம், காலை பதினொன்றரை மணி. சேலையை மடித்துக்கொண்டிருக்கும்போதே கை நடுங்குகிறது. நெற்றியில் வேர்க்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிற்றைப் பிசைகிற மாதிரி பசி. பக்கத்தில் நிற்கும் பையன் பதறிப்போகிறான். “அண்ணே, சுகர் இறங்கிருச்சுண்ணே, உக்காருங்க.” ஓடிப்போய்ச் சீனி தூக்கலாக ஒரு டீயும் இரண்டு பால்பன்னும் வாங்கி வருகிறான். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மத்தியானம் பார்த்தால் சர்க்கரை 270. மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் அவரே ஒரு முடிவுக்கு வருகிறார்: மாத்திரை பவர் கூடிப்போச்சு. அன்றிலிருந்து பாதி மாத்திரைதான்.

பால்பன்னைக் கையில் வாங்கும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் மீட்டரில் 118 என்று வந்திருக்கலாம். அது தாழ்வே இல்லை. சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கும் சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் இருக்கக்கூடிய அளவு அது.

நோய் தெரிந்த முதல் சில வாரங்களில் மிகப் பலர் தடுமாறும் இடம் இதுதான். இனிப்பை விடுங்கள், நடங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சர்க்கரை இறங்கும்போது உடம்பு எப்படி முரண்டு பிடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு. ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தப்பட்ட எத்தனையோ மாத்திரைகள் தொடர்ந்திருக்கும்.

118-க்கே உடம்பு ஏன் அலறுகிறது?

சித்திரை வெயிலில் இருந்து சட்டென்று வீட்டுக்குள் நுழைந்தால் கூடமே இருட்டாகத் தெரியும். கூடத்தில் வெளிச்சம் இல்லாமல் இல்லை. கண்தான் வெயிலுக்குப் பழகியிருக்கிறது. சர்க்கரை விஷயத்தில் மூளையும் நரம்பு மண்டலமும் இதைத்தான் செய்கின்றன. எச்பிஏ1சி 11.8 என்றால் மாதக்கணக்கில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரையின் சராசரி ஏறக்குறைய 292. அந்த உடம்புக்கு 292-தான் வழக்கம். அங்கிருந்து 118-க்கு வரும்போது ஏதோ பறிபோகிறது என்று எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாமே அந்த அட்ரினலின் செய்கிற வேலை.

இது பிரமை அல்ல, அளந்து பார்த்த உண்மை. 1988-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குத் தாழ்சர்க்கரை அறிகுறிகள் சராசரியாக 53 மில்லிகிராம் அளவில்தான் தொடங்கின. நோய் கட்டுப்பாட்டில் இல்லாத, இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கோ 78-இலேயே தொடங்கிவிட்டன. நீண்ட நாள் உச்சத்தில் இருந்த உடம்பில் எச்சரிக்கை மணி மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சிலருக்கு 100-க்கு மேலேயே அது அடிக்கும். மருத்துவர்கள் இதைப் போலித் தாழ்சர்க்கரை என்பார்கள். அளவுதான் போலி, அந்த மனிதர் படும் அவஸ்தை நிஜம். “சும்மா பயப்படுறீங்க” என்று வீட்டார் சொல்வது அவருக்கு உதவாது.

மணி மேலே ஏறுவதைப் போலவே கீழேயும் இறங்கும். அடிக்கடி உண்மையான தாழ்சர்க்கரைக்கு ஆளாகிறவர்களுக்கு அது 50-க்குக் கீழே போனாலும் அடிக்காமல் இருந்துவிடும். வேர்வையும் நடுக்கமும் இல்லாமலே நேராக மயக்கம் வரும். இது அதைவிட ஆபத்தானது. இரண்டு நிலைக்கும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: மணி மறுபடி சரியான இடத்துக்கு வரும். சர்க்கரை சீராக ஓர் அளவில் நின்றால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் புதிய அளவு பழகிவிடுகிறது. நடுவில் ஒவ்வொரு படபடப்புக்கும் பால்பன் சாப்பிட்டால் சர்க்கரை திரும்ப 270-க்கு ஏறும். உடம்பு பழைய உயரத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும். பழகும் காலம் நீண்டுகொண்டே போகும்.

முதலில் விரல், பிறகுதான் வாய்

போலித் தாழ்வும் நிஜத் தாழ்வும் உணர்வில் அண்ணன் தம்பி போல இருக்கும். அனுபவம் உள்ளவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்வது குளுக்கோமீட்டர் ஒன்றுதான். ஆகவே நோய் தெரிந்த முதல் இரண்டு மாதங்களுக்காவது மீட்டர் பீரோவுக்குள் இருக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர் என்றால் பையில், கடையில் இருப்பவர் என்றால் கல்லாப்பெட்டி பக்கத்தில்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்திப் பார்க்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலையோ லட்டு பிடித்த விரலையோ அப்படியே குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். 68 இருப்பவருக்கு 130 என்று வந்தால் அதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை.

எண் 100-க்கு மேல் என்றால் இனிப்பு வேண்டாம். உட்கார வேண்டும், ஒரு தம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடிக்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அட்ரினலின் அலை தானாகவே அடங்கும். பசி தாங்கவில்லை என்றால் ஒரு கைப்பிடி சுண்டலோ, அவித்த வேர்க்கடலையோ, ஓர் அவித்த முட்டையோ போதும். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால் சாப்பாட்டையே சற்று முன்னால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் படபடப்போடு நெஞ்சை அழுத்தும் வலி, இடது கையில் குடைச்சல், மூச்சுத் திணறல் இருந்தால் அது வேறு கதை. சர்க்கரை எண் என்னவாக இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

70-க்கும் 100-க்கும் இடைப்பட்ட எண் கொஞ்சம் யோசிக்க வைக்கும். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே 100-க்குக் கீழே 15 மில்லிகிராம் வரை கூடுதல் குறைச்சலை அனுமதிக்கிறது. 75 என்று வந்தால் உண்மையில் அது 60 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். இன்சுலின் போடுகிறவரோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவரோ 70-களில் எண்ணைப் பார்த்து, கூடவே கை நடுங்கினால், அதை நிஜத் தாழ்வாகவே எடுத்துக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் மட்டுமோ, கிளிப்டின் வகை மாத்திரை மட்டுமோ சாப்பிடுகிறவருக்கு நிஜத் தாழ்வு அபூர்வம்.

70-க்குக் கீழே போனால் தயங்க நேரம் இல்லை. 54-க்குக் கீழே என்றால் மூளைக்கே சர்க்கரை போதாமல் போகத் தொடங்குகிறது. பேச்சு குழறும், கோபம் வரும், எதிரே நிற்பவர் சொல்வது புரியாது. 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் எடுத்துக்கொள்ளலாம், அரை தம்ளர் பழச்சாறு குடிக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தாண்டிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிட்டால் மறுபடி இறங்காது. சாக்லேட்டும் பாலில் செய்த இனிப்பும் அவசரத்துக்கு உதவாது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டரே கையில் இல்லாத இடத்தில், இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரைகளோ எடுப்பவருக்கு இப்படி வந்தால், நிஜத் தாழ்வு என்றே நினைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் 118-ஐ 170 ஆக்குவது சிறிய தவறு. 45-ஐக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு.

இங்கே நம் ஊரில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாப்பாட்டின் முதல் வாயோடு போடச் சொல்லித் தரப்படும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளை இங்கே பலர் சாப்பிடுகிறார்கள். இவை குடலில் சீனி உடைவதையே தாமதப்படுத்துகின்றன. மற்ற மாத்திரைகளோடு இதையும் சேர்த்துப் போடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் சீனித் தண்ணீர் எதிர்பார்த்த வேகத்தில் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மாத்திரைச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்து, இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

நிஜத் தாழ்வு வரும் வழிகளும் பெரும்பாலும் தெரிந்த வழிகள்தான். காலை மாத்திரையை எட்டு மணிக்குப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று பதினொன்றரைக்கு ஒரே சாப்பாடாகச் சாப்பிடுவது. கார்த்திகை விரதம், சஷ்டி விரதம், ரமலான் நோன்பு என்று உணவு நேரம் மாறும்போது மாத்திரை நேரத்தை மாற்றாமல் விடுவது. வெறும் வயிற்றில் மது. மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டு அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது. விரதம் இருக்கவே கூடாது என்பதில்லை. இருக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னால் மருத்துவர் அளவை மாற்றித் தருவார்.

கண்ணும் காலும் சொல்வது

சர்க்கரை இறங்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பலர் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். நேற்று வரை படித்த செய்தித்தாள் எழுத்து கலங்கித் தெரிகிறது. “மாத்திரை கண்ணைக் கெடுக்குது” என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. நடப்பது வேறு. சர்க்கரை உச்சத்தில் இருந்தபோது கண்ணில் உள்ள லென்ஸும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. இப்போது சர்க்கரை இறங்க, லென்ஸுக்குள்ளே நீரின் அளவும் மாறுகிறது. அதன் வளைவும் பவரும் சேர்ந்து மாறுகின்றன. தூரப்பார்வையோ கிட்டப்பார்வையோ நாளுக்கு நாள் ஆட்டம் காட்டும். இந்த நேரத்தில் செய்துகொள்ளும் கண்ணாடி இரண்டு மாதத்தில் உதவாமல் போய்விடும். சர்க்கரை ஓர் அளவில் நின்று நாலு முதல் ஆறு வாரம் கழித்துக் கண் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கினால் காசு மிச்சம்.

கண்ணாடிக்குத்தான் காத்திருக்கலாம், விழித்திரைப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தெரிந்தவுடனேயே அதைச் செய்துகொள்ள வேண்டும். நோய் தெரியாமலே வருடக்கணக்கில் இருந்திருக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 1993-இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் குறைத்தவர்களில் சிலருக்கு முதல் ஆண்டில் விழித்திரைப் பாதிப்பு சற்றுக் கூடியது. ஆனால் அதே ஆய்வின் முடிவில், ஆய்வு தொடங்கும்போது விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. குறைப்பதை நிறுத்த இது காரணம் ஆகாது; கண்ணைப் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும் என்பதற்குத்தான் காரணம். கண் முன்னே கரும்புள்ளிகள் திடீரென்று பறந்தாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலில் எரிச்சலும் இப்படித்தான். மிக வேகமாகச் சர்க்கரை இறங்கிய சிலருக்குப் பாதம் தீயில் வைத்தாற்போல எரியும், போர்வை பட்டாலே வலிக்கும். 1933-லேயே மருத்துவ உலகம் குறித்து வைத்த விஷயம் இது. அப்போது இன்சுலின் நரம்பழற்சி என்றார்கள். மாத்திரையால் குறைந்தாலும் வரும் என்று பிறகு தெரிந்தது. எச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் விழும்போது இந்த ஆபத்து தொடங்குகிறது. எவ்வளவு வேகமாக விழுகிறதோ அவ்வளவு கூடுகிறது. பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். அதுவரை வலி மருந்து தேவைப்படலாம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ஆகவே 11.8-இல் இருப்பவர் ஒரே மாதத்தில் 90-ஐயும் 100-ஐயும் பிடித்துவிட வேண்டும் என்று பட்டினி கிடப்பது வீரம் இல்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கு வைக்கப்படும் இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள், எச்பிஏ1சி 7-க்குள். 286-இல் இருப்பவர் முதலில் 200-க்கு வரட்டும், பிறகு 160-க்கு, பிறகு இலக்குக்கு. இந்தப் படிகளை எந்த வேகத்தில் இறங்குவது என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. எழுபது எண்பது வயதில் தனியாக இருப்பவருக்கு இலக்கே சற்றுத் தளர்வாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு நேர்மாறு, அங்கே இலக்கு கடுமை, வேகமும் அவசியம். முதல் வகை நோயாளி எந்தப் படபடப்புக்காகவும் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது.

நல்ல மாற்றங்களும் இதே வாரங்களில்தான் வருகின்றன. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதற்குக் கீழே வந்தவுடன் ராத்திரி எழுந்திருப்பது நிற்கும், நாக்கு வறட்சி போகும். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறவும் செய்யும். சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த சத்து உடம்பில் தங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. சாப்பாட்டை இன்னும் குறைக்க வேண்டும் என்று இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

ஜவுளிக்கடை விற்பனையாளருக்குத் திரும்புவோம். பத்து மணிக்கு ஒரு சின்ன டப்பாவில் சுண்டல், பதினொன்றரைக்குப் படபடப்பு வந்தால் மீட்டர், மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு அல்ல, ஒன்றரைக்கு. கடை முதலாளியிடம் கேட்டு இந்த ஒரு மணி நேரத்தை மாற்றிக்கொள்வது பல மாத்திரை மாற்றங்களைவிடப் பலன் தரும். வண்டி ஓட்டுவதற்கு முன்பும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஸ்ட்ரிப் செலவு கையைக் கடிக்கும் என்பது உண்மை. அதனால் தினம் ஏழு தடவை பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, அதற்கடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாலே இரண்டு வாரத்தில் ஒரு படம் கிடைத்துவிடும். படபடப்பு வரும் நேரத்தில் மட்டும் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்கக் கூடாது. எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதற்கு முன்னால் எடுத்தால் பழைய சர்க்கரையின் நிழலும் அதில் கலந்தே வரும்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவருபவரிடம் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் படபடப்பு வந்த நாள், நேரம், அப்போது மீட்டர் காட்டிய எண், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தை அவரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ காட்டுங்கள். மாத்திரையைப் பாதியாக்குவதா, அப்படியே தொடர்வதா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும்.